நெற்றிக்காசு

அப்பாவின் நெற்றியில் ராணி இருக்கிறாள். கண்ணாடிப் பெட்டிக்குள், சந்தனத்துக்கு நடுவில், கிரீடம் வைத்து, இடப்பக்கம் பார்த்தபடி. இவ்வளவு நேரமாக அதன் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வட்டமாக ஏதோ வெள்ளியில் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்திருந்தது, மாலை தெரிந்ததைப் போல, தாடையைச் சுற்றிக் கட்டிய துணி தெரிந்ததைப் போல. இப்போது வசந்தாமணி அத்தை துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தாள், மூட்டம் விலகியது, ராணி தெரிந்தாள். ராணியின் பின்னந்தலைக்கு அந்தப் பக்கம் நான்கு எண்கள் தெரிந்தன. நம்மூர்ப் பழைய வெள்ளி ரூபாயில் வருஷம் ராணி பக்கம் இருக்காது, மறுபக்கம்தான் இருக்கும். அளவும் ரூபாயைவிடக் கொஞ்சம் சின்னது. அப்படியானால் இது ரூபாய் இல்லை. இது இங்கிலாந்துக் காசு. இது ஃப்ளோரின். இது காலையில் என் பையில் இருந்த ஃப்ளோரின். என் பை எங்கே. பையை யாரோ தோளிலிருந்து கழற்றினார்கள், வாசலில், நான் செருப்போடு உள்ளே நடந்தபோது. பெட்டியின் மோட்டார் உறுமிக்கொண்டிருக்கிறது. அத்தை, இந்தக் காசு ஏது என்று கேட்டேன். என் குரல் ஏதோ கடையில் விலை கேட்பதைப் போல இருந்தது. "உன்ற பையிலதாங் கண்ணு இருந்துச்சு. ப்ளாஸ்டிக் கவருக்குள்ள பத்திரமா வச்சிருந்தே. நெத்திக்கு ரூபா கேட்டாங்க, பூபதி போய் எஃகு ரூபாயை எடுத்து நீட்டறான். எங்கண்ணனுக்கு எஃகு ரூபாயா? பொண்ணு வெள்ளிக்காசுலயே உத்தியோகம் பாக்கறா, நெத்திக்கு ஒரு வெள்ளிக்காசு வக்கறதுக்கு வக்கில்லையான்னு ஊரு கேக்காதா. கருத்துக் கெடந்துச்சு, விபூதி போட்டு நல்லாத் தேச்சு, நீ நெனப்பில்லாம உக்காந்திருந்தப்பப் பொட்டியைத் தெறந்து வச்சேன், பாரு, பளபளன்னு இருக்குது." அத்தையின் முகத்தில் அழுகைக்கு நடுவே ஒரு சின்ன நிறைவு. செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட நிறைவு. விபூதி போட்டுத் தேய்த்தாள். என் கைகள் இரண்டும் மடியில் கிடக்கின்றன, யாருடைய கைகளோ என்பதைப் போல.

அந்தக் காசு என்னுடையது இல்லை. எங்கள் கம்பெனியுடையதும் இல்லை. குன்னூர் தேவசித்தம் ஐயாவுடையது. கோயம்புத்தூரில் எங்கள் பழங்காசு ஏல அலுவலகத்தின் கண்ணாடி மேசையில் அவர் அதைக் கைக்குட்டையிலிருந்து பிரித்து வைத்தபோது நான்தான் எதிரில் இருந்தேன். தாத்தா தேயிலைத் தோட்டத்தில் ரைட்டராக இருந்தாராம், துரை ஊருக்குப் போகும்போது கொடுத்தாராம். விக்டோரியா ரெஜினா, 1848. நான் எண்ணை இரண்டு முறை படித்தேன். இந்த வகைக் காசு புழக்கத்துக்கு வந்தது 1849இல். 1848 என்று போட்டது மாதிரிக்காக அடித்த கொஞ்சம் மட்டும். ஒன்பது என்றால் ஒரு நல்ல பழைய காசு. எட்டு என்றால் குன்னூரில் ஒழுகும் அவருடைய வீட்டுக்குப் புதுக்கூரை போட்டு மிச்சமும் இருக்கும். "பொய்யா இருந்தா பொய்யின்னே சொல்லிடும்மா. மழுப்ப வேண்டாம். வயசாச்சு, மழுப்புனா புரியமாட்டேங்குது" என்று சிரித்தார். நான் லென்ஸை வைத்துப் பார்த்தேன், எடை பார்த்தேன், விளக்கைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். எட்டு எட்டாகத்தான் இருந்தது. ஆனால் காசு முழுவதும் ஒரே சீரான கருப்பு. நூற்றைம்பது வருஷத்துக் கருப்பு அப்படிச் சீராக இருக்காது, ஓரத்தில் அடர்ந்து நடுவில் வெளிறியிருக்கும். அந்தக் கருப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதை அறிக்கையில் எழுத முடியாது. எனக்குத் தெரியவில்லை என்று முதலாளியிடம் சொன்னேன், சொல்லும்போது காது சூடானது, இதற்கா உனக்குச் சம்பளம் என்பாரோ என்று. அவர் சென்னையில் ஒரு பெரியவரிடம் காட்டிவிட்டு வரச் சொன்னார். காலை ரயிலில் ஏறினேன். பையை மடியிலேயே வைத்திருந்தேன். எதிர் சீட்டு அம்மாள் மேலே வையேன் பாப்பா என்றதற்குக்கூட வேண்டாங்க என்றேன். திருப்பூர் தாண்டி பூபதி போனில் கூப்பிட்டான். சித்தப்பா மகன், எதையும் நேராகச் சொல்லிப் பழகாதவன். "அக்கா, பெரியப்பாவுக்கு லேசா நெஞ்சு வலி, ஆஸ்பத்திரியில சேத்திருக்குது, ஈரோட்டுலயே எறங்கிக்கறீங்களா" என்றான். அவன் குரலுக்குப் பின்னால் எங்கள் தெரு நாய் குரைத்தது. ஆஸ்பத்திரியில் எங்கள் தெரு நாய் எப்படிக் குரைக்கும். நாள் முழுக்கப் பொய்யைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான், அந்த ஒரு பொய்யை மட்டும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்று ஈரோடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். அப்பா மஞ்சள் மண்டி முன்னால் டீ குடித்துவிட்டு டம்ளரை வைத்தாராம். அப்படியே சாய்ந்தாராம். டம்ளர் உடையவில்லை என்று மூன்று பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். எதற்காக அதைச் சொல்கிறார்கள்.

கண்ணாடி மறுபடி மூடிக்கொண்டு வருகிறது. மூட்டம் அவருடைய வாய்க்கு நேராகத்தான் முதலில் படிகிறது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், வாய்க்கு நேராகத்தான். உள்ளே மூச்சு இருந்தால் அங்கேதான் படியும். அத்தை, துடைக்காதீங்க என்று சொல்ல நினைத்தேன், அதற்குள் துடைத்துவிட்டாள், துண்டோடு மூட்டமும் போய்விட்டது. துடைத்தால் போகிறது என்றால் அது வெளிப்பக்கம் படிந்தது. வெளியே புழுக்கம், கண்ணாடி சில்லிப்பு, படிகிறது, அவ்வளவுதான். இது நிரூபணம். ஆனாலும் ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு செய்யக்கூடாது என்று எங்கள் அலுவலகத்தில் சொல்வார்கள். நான் இன்னும் அவரைத் தொடவில்லை. வந்தபோதே பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். தொடாமல், எடை பார்க்காமல், கண்ணாடி வழியாக மட்டும் பார்த்து எதையும் அசல் என்று நான் கையெழுத்துப் போட்டதில்லை. வேட்டி அவருடையதுதான். காலின் கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள், நகக்கண்களில் மஞ்சள். முப்பது வருஷம் மஞ்சள் மூட்டை தூக்கியவர், சோப்பு போட்டாலும் போகாத மஞ்சள். பள்ளிக்கூடத்தில் என் சட்டைக் காலரில்கூட அந்த மஞ்சள் இருக்கும், அவர் தலைவாரி விட்ட நாட்களில். இந்த மஞ்சளைப் போலிக்காரன் யாரும் செய்ய முடியாது. என்ன நினைக்கிறேன் நான். யார் இங்கே போலி செய்தார்கள். டீக்கடையில் அப்பா என்னைக் காசு டாக்டர் என்றுதான் சொல்லுவார். "எம்பொண்ணு காசுக்கு வைத்தியம் பாக்கறா." அதற்கு மாரப்பன் மாமா, "அப்ப எங்கிட்ட ஒரு அம்பது ரூபா நோட்டு காய்ச்சல்ல கெடக்குது, ஒரு ஊசி போட்டுவுடச் சொல்லு" என்பார். மண்டியே சிரிக்கும். நல்ல வெள்ளியா என்று பார்க்க ஒரு வழி கேட்டார் ஒரு தடவை. வெள்ளி சூட்டைச் சட்டென்று வாங்கிக்கொள்ளும்பா, மேலே ஐஸ் வைத்தால் வேகமாகக் கரையும் என்றேன். பக்கத்து ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி வந்து, அம்மாவின் கொலுசைக் கழற்றச் சொல்லி அதன்மேல் வைத்து, தட்டில் இன்னொரு ஐஸ் வைத்து, இரண்டையும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொலுசு மேல் இருந்தது முதலில் கரைந்ததும் அம்மாவைப் பார்த்து, "பாத்தியா, உங்கப்பன் ஏமாத்தலை" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து. அம்மா கொலுசைப் பிடுங்கிக்கொண்டு போனாள். இப்போது அம்மா பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அழவில்லை. பேசவில்லை. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றார்கள். அவளைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் காசைப் பார்க்கிறேனா. அப்பாவின் முகம் காசுக்குக் கீழே இரண்டு விரற்கடை தூரத்தில் இருக்கிறது, அங்கே என் கண் இறங்கமாட்டேன் என்கிறது. இறங்குகிறது, மூடிய இமையின் ஓரத்தைத் தொடுகிறது, மறுபடி ராணிக்கே ஓடிவிடுகிறது.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன். எனக்குக் கிட்டப்பார்வை, மிகச் சின்னதைப் பார்க்க வேண்டுமென்றால் கழற்றிவிட்டு முகத்தை ஒட்டவைத்துத்தான் பார்ப்பேன், அலுவலகத்தில் கேலிகூடச் செய்வார்கள். பெட்டியின் கண்ணாடியில் நெற்றி முட்டியது. பின்னாலிருந்து ஒரு பெண் "ஐயோ, பொண்ணு அப்பனை எப்படிப் பாக்குது பாருங்க" என்று குரலெடுத்தாள், கூடவே நான்கைந்து பேர் அழ ஆரம்பித்தார்கள். நான் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று. எட்டு. நான்கு. எட்டு. கருப்பு போய்விட்டிருந்தது. அத்தையின் கட்டைவிரல் அத்தனையையும் எடுத்துவிட்டது. வெறும் வெள்ளி, கூச்சமில்லாத வெள்ளி, தேய்த்த இடமெல்லாம் மெல்லிய கீறல்கள், இனி எந்த ஏலத்திலும் அதன் பெயருக்குப் பக்கத்தில் துடைக்கப்பட்டது என்று எழுதித்தான் ஆக வேண்டும், எழுதினால் விலை விழுந்துவிடும். அப்புறம் அதைக் கண்டேன். எழுத்துகளின் இடுக்குகளில் விபூதி கோடு கோடாகத் தங்கியிருந்தது, அது தங்கத்தான் செய்யும். ஒன்று என்ற எண்ணைச் சுற்றிச் சமதளத்தில் எதுவும் இல்லை. முதல் எட்டைச் சுற்றி இல்லை. நான்கைச் சுற்றி இல்லை. கடைசி எட்டைச் சுற்றி மட்டும் ஒரு வெள்ளை வளையம். சாம்பல் அங்கே தங்கியிருக்கிறது என்றால் அங்கே பள்ளம் இருக்கிறது. அச்சில் விழுந்த காசில் ஓர் எண்ணைச் சுற்றி மட்டும் பள்ளம் வராது. யாரோ ஒருவன் ஊசி முனையால் அந்த இடத்திலிருந்து வெள்ளியைச் சுரண்டிச் சுரண்டித் தள்ளி, ஒன்பதின் வாலை வளைத்து மூடி எட்டாக்கியிருக்கிறான். சுரண்டிய தடம் தெரியாமலிருக்கக் காசு முழுவதையும் கருக்கியிருக்கிறான். லென்ஸுக்கும் விளக்குக்கும் அகப்படாதது அத்தையின் விபூதிக்கு அகப்பட்டுவிட்டது. வெள்ளி நிஜம். ராணி நிஜம். ஒரே ஓர் எண் பொய். ஒன்பதாகவே விட்டிருந்தால் அது மரியாதையான காசாக இருந்திருக்கும். எனக்குள் ஏதோ சட்டென்று இலகுவானது, விடை கிடைத்ததும் வருமே அந்த இலகு, எனக்குத் தெரியவில்லை என்று காது சூடாகச் சொன்னவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த இலகு வந்த அதே நொடியில் என் மூச்சு கண்ணாடியில் படிந்து எல்லாவற்றையும் மறைத்தது. நான் சந்தோஷப்பட்டேன். அப்பாவின் முகத்துக்கு மேல் குனிந்துகொண்டு நான் சந்தோஷப்பட்டேன். மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது, யாரோ எடுத்து என் மடியில் வைத்தார்கள், "அழுதுரு சாமி, அழுதுரு" என்றார்கள்.

வெளியே மேளம் மாறிவிட்டது. ஆண்கள் நீர் கொண்டுவரப் போனார்கள், வந்துவிடுவார்கள். வந்ததும் பெட்டியைத் திறப்பார்கள், குளிப்பாட்டுவார்கள், வாய்க்கரிசி போடச் சொல்வார்கள், பிறகு தூக்கிவிடுவார்கள். தெருமுனை வரைதான் நாங்கள் போகலாம், அதற்கு அப்பால் பெண்கள் போவதில்லை. காசு போய்விடும். நெருப்பிலோ, சுடுகாட்டில் வேலை செய்கிறவர் கையிலோ, அவருக்கு அது உரிமை, அவரிடம் கேட்கவும் முடியாது. போகட்டும். என்ன இப்போது. எட்டு என்றால்தானே பெரிய விலை. இது சுரண்டிய காசு, துடைத்த காசு, எவரும் சீந்தமாட்டார்கள். போனால் ஒரு 1849 வாங்கித் தந்துவிடலாம், இரண்டு மாதச் சம்பளம் ஆகும், ஆகட்டும். நெற்றியில் வைத்ததை எடுக்கச் சொல்லி இந்தக் கூட்டத்துக்கு நடுவில் வாயைத் திறப்பதைவிட அது எவ்வளவோ மேல். படிக்கவச்சானே, கடைசியில நெத்திக்காசையும் புடுங்கிட்டா என்று சொல்வார்கள், அம்மா இந்தத் தெருவில்தான் இருக்க வேண்டும். பேசாமல் இரு. பேசாமலிருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் தேவசித்தம் ஐயாவிடம் என்ன சொல்வேன். ஐயா, உங்கள் காசு பொய். எங்கேம்மா அது, காட்டு. அது இல்லைங்க ஐயா, எரிந்துவிட்டது. அவர் என்னை எப்படிப் பார்ப்பார். தொலைத்துவிட்டுப் பொய் என்று சொல்கிறவள். தொலைத்த பிறகு எல்லாக் காசும் பொய்தான் என்று யாருக்குத்தான் தோன்றாது. உண்மையில் அது சுரண்டிய எட்டு, அது எனக்கு மட்டும் தெரியும், நான் சொன்னாலும் அவருக்கு அது உண்மையாக இருக்காது. அவர் சாகும்வரை ஓர் அசல் 1848 ஈரோட்டில் யாருடைய நெற்றியிலோ போய்விட்டது என்றுதான் நினைப்பார். மழை பெய்யும்போதெல்லாம் நினைப்பார். அப்புறம் இன்னொன்றும் இருக்கிறது, இதை எப்படி மறந்தேன். அந்த வகைக் காசுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. கடவுளின் அருளால் என்று ராணி பெயரோடு எப்போதும் போடுவார்கள், இதில் போடவில்லை, இங்கிலாந்தில் சனங்களுக்கு அவ்வளவு கோபம், சாமி இல்லாத ஃப்ளோரின் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அத்தைக்குத் தெரிந்தால் நெஞ்சில் அடித்துக்கொள்வாள். சாமி பெயர் விட்டுப்போனதன் மேல்தான் அவள் விபூதி பூசியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வருகிறதா. வாயைப் பொத்திக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் என் முதுகைத் தடவினார்கள். மேளம் தெருவுக்குள் வந்துவிட்டது.

பூபதி ஈர வேட்டியோடு குடத்தை இறக்கினான். பெட்டியின் மூடியைத் தூக்கினார்கள், சில்லென்று ஒரு காற்று என் முழங்காலில் பட்டது, பழைய மாலையின் வாசனையோடு. நான் எழுந்தேன். எழுந்தது கால்கள்தான். அத்தை, அந்தக் காசை எடுக்கணுங்க என்றேன். "எந்தக் காசு?" நெத்தியில இருக்கறது. அது நம்முது இல்லைங்கத்தை. அத்தை என்னைப் பார்த்தாள், புரியாமல், பிறகு புரிந்து. "வச்ச நெத்திக்காசை எடுக்கறதா? என்ன பேச்சுப் பேசறே கண்ணு? உன்ற பையில இருந்துதானே எடுத்தேன்?" என் பையில இருந்ததுங்க, ஆனா வேறொருத்தரோடது, பாத்துச் சொல்றதுக்குக் குடுத்தது. கூட்டத்தில் ஒரு கிழக்குரல், யார் என்று தெரியவில்லை, "அப்பன் போறப்பவும் காசு நெனப்பு பாரு" என்றது. இன்னொன்று, "காசு டாக்டருல்ல" என்றது. அப்பாவின் சொல். அப்பா சொல்லிச் சொல்லி ஊருக்கே தெரிந்த சொல். அப்போது கால்மாட்டிலிருந்து, "யாருதுடி அது?" என்று கேட்டாள் அம்மா. காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு. குன்னூர்ல ஒரு ஐயாவோடதும்மா. "வெல கூடுனதா?" கூடுனதுன்னு நெனச்சுட்டு இருக்காரு. இல்லைன்னு நான் அவருகிட்ட காட்டணும். அம்மா தரையில் கையூன்றி எழுந்தாள். அத்தை, "மதனி, வேண்டாம், வச்சதை எடுக்கக்கூடாது" என்று கையைப் பிடித்தாள். அம்மா கோபப்படவில்லை. "மண்டியில இருந்து வர்றப்ப ஒட்டுன மஞ்சத்தூளைக்கூட வாசல்ல நின்னு உதறிப்போட்டுத்தான் உள்ள வருவாரு உங்கண்ணன். ஊரான் சாமானோட எப்படி அனுப்பறது அவரை? பூபதி, அந்த எஃகு ரூபாயை எடு." அத்தையின் கை தானாக நழுவியது. அம்மா முந்தானையைக் குடத்தில் நனைத்து, தூங்குகிற குழந்தையின் கண்ணில் பீளை துடைப்பதைப் போல, காசைச் சுற்றிலும் ஒத்தி ஒத்தி, நகத்தால் மெல்லக் கிளப்பினாள். சந்தனம் விட மனசில்லாமல் இழுத்தது. விட்டது. காசை என் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.

ஐஸைப் போல இருந்தது. நல்ல வெள்ளி, பெட்டியின் குளிரை முழுவதும் வாங்கி வைத்திருந்தது. நெற்றியில் வட்டமாக ஒரு பள்ளம், காய்ந்த சந்தனத்தில் காசின் மறுபக்கத்து நான்கு கேடயங்களும் கண்ணாடியில் பார்ப்பதைப் போலத் திரும்பிப் பதிந்திருந்தன. இவ்வளவு நேரம் ராணி மறைத்துக்கொண்டிருந்த இடம். அங்கே மறைக்க ஒன்றுமில்லை. மூன்று சுருக்கம், மூட்டையின் சணல் உராய்ந்த பழைய தழும்பு. என் கண் அங்கிருந்து கீழே இறங்கியது, இந்த முறை ஓடவில்லை. இமைகள். மூக்கு. மீசையில் அவர் மை போட மறந்த நரை. அம்மா எஃகு ரூபாயோடு காத்திருந்தாள், அவசரப்படுத்தவில்லை. நான் இடது கையை நெற்றியின் மேல் வைத்தேன். வலது கைக்குள் காசு அதற்குள் என் சூட்டை வாங்க ஆரம்பித்துவிட்டது, விரல்களுக்கு நடுவில் இளஞ்சூடாக, வேகமாக, உயிருள்ள ஏதோ ஒன்றைப் போல. இடது கையை எடுக்காமல் காத்திருந்தேன். என் உள்ளங்கை முழுவதையும் பதித்து, அழுத்தி, இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று. வலது கைக்குள் காசு நன்றாகச் சூடாகிவிட்டது. நெற்றி வாங்கவே இல்லை.

"வைக்கட்டுமா?" என்று கேட்டாள் அம்மா.

வைம்மா என்றேன்.